இரண்டு விரல் கூடுதல்

அளவெடுக்கும்போது டெய்லருக்கு ஒரு பழக்கம் உண்டு. டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து எண்ணைப் பார்த்ததும் உடனே சொல்லிவிட மாட்டார். இடது கையின் இரண்டு விரல்களை டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் நுழைத்து, இப்படியும் அப்படியும் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எண் வாயிலிருந்து வரும். கழுத்துக்கும் அப்படித்தான், இடுப்புக்கும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவர் மனைவி இதைக் கவனித்துவிட்டாள். முப்பத்தெட்டு வருடமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐயா, நீங்க தெச்ச சட்டைக்குள்ள நானும் என் தம்பியும் சேர்ந்து குடித்தனம் பண்ணலாம் போல" என்று சைக்கிள் கடைக்காரர் ஒருமுறை சொன்னார்.

"இன்னைக்கு வெறும் வயித்தோட வந்து அளவு குடுக்கற. நாளைக்கு நாலு வாய் சாப்பிட்டுட்டுப் போட வேண்டாமா?" என்றார் டெய்லர். "உடம்பு மூச்சு விடற சாமான்யா. ஒட்டித் தெச்சா துணிதான் கிழியும். ரெண்டு விரல் கூட விடணும்."

மனைவியை அந்தத் தெருவில் காஜா அக்கா என்பார்கள். சட்டையில் பட்டன் நுழைகிற துளைதான் காஜா. அந்தத் துளையின் ஓரம் பிரிந்துவிடாமல் சுற்றிலும் நூலால் கட்டுவது கடையில் அவள் வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுந்து நின்று வாசி என்று ஆசிரியை சொன்னால் அந்தக் காலத்தில் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளியை விட்ட பிறகும் நாக்கு முழுதாக விடுபடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் பேசுவதெல்லாம் அவரோடுதான். அவள் உள்மூலையில், ஜன்னலோரமாகத் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் யார் இளைத்திருக்கிறார்கள், யார் கவலையில் நகத்தோடு சேர்த்துச் சட்டைக் கையையும் கடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். துணியே சொல்லிவிடும்.

டெய்லருக்கு அறுபத்தோரு வயதானபோது இதயம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கடை வாசலில் மொத்தம் மூன்றே படிகள். இரண்டாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவதை ஏறுவார். மாத்திரைகளுக்கு அது அடங்கவில்லை. வேறு இதயம் மாற்றி வைக்கலாமென்றால் அவருடைய சிறுநீரகம் அதைத் தாங்காது என்றார்கள். கடைசியில் இதயத்தின் அடியில் ஒரு பம்ப் பொருத்தினார்கள். அதிலிருந்து ஒரு கேபிள் வயிற்றைத் துளைத்து வெளியே வந்து, இடுப்பில் கட்டிய ஒரு சிறு பெட்டியில் சேரும். பெட்டிக்கு இரண்டு பாட்டரிகள். ஒன்றை மாற்றும்போது இன்னொன்று மாட்டியே இருக்க வேண்டும். படுக்கும்போது பாட்டரி வேண்டாம், சுவரிலிருந்து கரண்ட்.

"முப்பது வருஷமா மெஷின் ஓட்டினேன், இப்ப நானே மெஷின் ஆயிட்டேன்" என்பார். பம்ப் விட்டுவிட்டுத் தட்டாமல் ஒரே சீராகச் சுழல்வதால் அவர் மணிக்கட்டில் நாடி கிடைக்காது. மருந்துக் கடைக்குப் போனால் வேண்டுமென்றே கையை நீட்டுவார். "கொஞ்சம் புடிச்சுப் பாருங்க. நான் போய்ச் சேர்ந்து ரெண்டு மாசமாகுது, இவ கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வயிற்றில் கேபிள் வெளிவரும் இடத்தில் கட்டு மாற்றும் வேலை காஜா அக்காவுடையது. அந்தத் துளையை முதன்முதலில் காட்டியபோது அவள் மயங்கி விழுவாள் என்று நர்ஸ் ஒரு நாற்காலியைத் தயாராக இழுத்துப் போட்டிருந்தாள். காஜா அக்காவுக்கு அது இன்னொரு காஜாவாகத்தான் தெரிந்தது. ஓரம் பிரியக் கூடாது, ஈரம் தங்கக் கூடாது, இழுபடக் கூடாது. மூன்று நாளில் கற்றுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த முதல் இரண்டு வருடச் செவ்வாய்க்கிழமைகளை நினைத்தால் காஜா அக்காவுக்கு இப்போதும் முகம் மலர்ந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனதை நினைத்து யாராவது சந்தோஷப்படுவார்களா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்வாள். ஆனால் அதற்கு முன்னால், வேலை நாளில் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அவர்கள் இருவரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. காலையில் பஸ். அவள் மடியில் மாற்று பாட்டரிப் பை. ஜன்னலோர இடம் எப்போதும் அவளுக்குத்தான். "வெளியே பாரு, நான்தான் பூட்டின கடை மாதிரி ஒரே எடத்துல இருக்கேனே" என்பார்.

மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் நீளமான நடைவழி. ஒரு பக்கம் வரிசையாக நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், கடைசி நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. தரையில் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கும், நோயாளிகளை ஆறு நிமிடம் நடக்கவிட்டுத் தூரம் பார்ப்பதற்காக. ஜன்னலுக்குக் கீழே சலவைக்கூடம் இருந்ததால் சூடான துணியின் வாசனை மேலே ஏறி வரும். இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவளுக்கு அது வீட்டு வாசனை. அந்த நடைவழியில் பம்ப் வைத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். லாரி ஓட்டியவர், வங்கிக் காவலாளி, எப்போதும் பாதியில் நிற்கிற கம்பளிப் பின்னலோடு வரும் ஓய்வுபெற்ற டீச்சர். பேச்சு சற்று ஓய்ந்தால் எல்லோருடைய பம்புகளும் சேர்ந்து தேனீ மாதிரி ரீங்காரமிடுவது கேட்கும்.

பாட்டரிகளைச் சுமக்க மருத்துவமனையில் கொடுத்த வார்ப்பட்டை தோளை அறுத்தது. டெய்லர் இரண்டே வாரத்தில் தனக்கென்று ஒரு கையில்லாச் சட்டை தைத்துக்கொண்டார். கெட்டித் துணி, அக்குளுக்குக் கீழே பக்கத்துக்கு ஒரு பை, பெட்டிக்கு முன்னால் மூடியோடு ஒரு பை, கேபிள் மடங்காமல் போக உள்பக்கம் ஒரு சிறு வழி. அடுத்த செவ்வாயன்று அதைப் பார்த்த லாரிக்காரர், "எனக்கு ஒண்ணு" என்றார். பிறகு டீச்சர் கேட்டார். நடைவழியிலேயே டெய்லர் டேப்பை எடுத்துவிடுவார். காஜா அக்கா சிறு நோட்டில் அளவு குறித்துக்கொள்வாள்.

நடைவழியின் கடைசி அறையில் இன்னொருத்தியும் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டெய்லர் வைத்த பெயர் கேள்வியம்மா. நாற்பது வயது நர்ஸ், மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் ஏறியிருக்கும். பம்ப் வைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. ரத்தமும் ஸ்கேனும் பம்ப் எப்படி ஓடுகிறது என்று சொல்லும். ஆள் எப்படி இருக்கிறார் என்று ஆள்தான் சொல்ல வேண்டும் என்பாள். இருபத்து மூன்று கேள்விகள். கடந்த நான்கு வாரத்தில் படியேறும்போது மூச்சு வாங்கியதா? தூக்கம் வந்ததா? பிடித்த வேலையைச் செய்ய முடிந்ததா? வீட்டில் உள்ளவர்களுக்குப் பாரமாக இருப்பதாகத் தோன்றியதா?

"பாரமா? ரெண்டு பாட்டரியோட சேர்த்தா, சேர்க்காமலா?" என்பார் டெய்லர்.

கடைசித் தாளில் கேள்வி கிடையாது. தாளின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. அடியில் பூஜ்யம், உச்சியில் நூறு. இன்று உங்கள் உடல்நிலை எவ்வளவு என்று அந்தக் கோட்டில் பென்சிலால் குறிக்க வேண்டும். முதல்முறை டெய்லர் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். "இருபது சென்டிமீட்டர். பரவாயில்லை, சரியாத்தான் போட்டிருக்கீங்க." கேள்வியம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

பிறகு பென்சிலைக் கோட்டின் மேல் கொண்டுபோனார். ஓரிடத்தில் நிறுத்தினார். இடது கையின் இரண்டு விரல்களை அந்த இடத்துக்கு மேலே படுக்கவைத்தார். விரல்களுக்கு மேல் ஒரு கோடு கிழித்தார். எண்பது.

காஜா அக்கா மூலை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலும் இந்தக் கைப்பழக்கம் விடவில்லையே என்று நினைத்து வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். ஒவ்வொரு மூன்று மாதமும் அதே இரண்டு விரல்கள். எண்பது, எண்பத்தைந்து, எண்பது. புதிதாகப் பம்ப் வைக்கப் பயப்படுகிறவர்களிடம் கேள்வியம்மா அவரைக் காட்டி, "டெய்லர் ஐயாவைப் பாருங்க" என்பாள். அவர் சட்டைக் காலரைத் தொட்டுச் சரிசெய்துகொள்வார். ஒவ்வொரு முறையும் எழுந்து போகும்போது கேள்வியம்மா மூலையைப் பார்த்துக் கேட்பாள்: "நீங்க ஏதாவது சொல்லணுமா அக்கா?" காஜா அக்கா தலையை ஆட்டி இல்லை என்பாள்.

மூன்றாவது வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடித்து வைக்க எடுத்த அவருடைய சாம்பல்நிறக் கால்சட்டை அவள் கையில் வேறு மாதிரி இருந்தது. இடுப்புப் பட்டையின் பின்தையல் பிரிக்கப்பட்டு மறுபடி தைக்கப்பட்டிருந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு வெளியே இன்னொரு வரிசைத் துளைகள். அதற்கும் வெளியே இப்போதைய தையல். இரண்டு தடவை பிரித்திருக்கிறார். தையலுக்குள் மடித்திருந்த கூடுதல் துணி தீர்ந்து, விளிம்புக்கே வந்துவிட்டது. அவள் வேறு கால்சட்டைகளையும் எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே வேலை. காலுறைகளின் ரப்பர் பட்டையைக்கூட வெட்டி எடுத்திருந்தார்.

இடுப்பு பெருத்தால் ஆள் பெருத்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய சட்டைக் கழுத்தில் இரண்டு விரல் நுழைகிற இடத்தில் இப்போது நான்கு விரல் நுழையும் என்பது அவளுக்குத் தெரியும். தினமும் நோட்டில் எழுதுகிற எடையும் மாறவில்லை. கழுத்து சிறுத்து, இடுப்பு பெருத்து, எடை மட்டும் அப்படியே நிற்பது எப்படி? அது அவளுக்குப் புரியவில்லை. அப்படியொரு உடம்புக்கு அவள் இதுவரை துணி பார்த்ததில்லை.

அன்று மாலை அவர் கட்டிங் மேஜை முன்னால் நின்றபோது கேட்டாள்.

"ஏங்க, பேன்ட்டை எப்ப பிரிச்சீங்க?"

கத்தரிக்கோல் நின்றது. "சும்மா, கொஞ்சம் டைட்டா இருந்துச்சு."

"ரெண்டு தடவையா?"

"உனக்கு வேற வேலையே இல்லையா? உக்காந்தே இருந்தா தொப்பை போடாதா?"

"கழுத்துல போடலையே."

அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார். மடித்து வைத்துவிட்டு, "இந்தா பாரு" என்றார் தணிந்த குரலில். "பம்ப் வெச்சப்ப பத்தொன்பது நாள் படுக்கவெச்சாங்க. மேல விட்டத்தைப் பார்த்துக்கிட்டே பத்தொன்பது நாள். நான் எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியும். அந்தக் கோட்டுல ரெண்டு விரல் கூடப் போட்டாத்தான் வீட்டுக்கு விடுவாங்க."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. கைப்பழக்கம் என்று அவள் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு விரல்களையும் அவர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார். துணிக்குக் கூடுதல் விட்டால் உடம்பு வசதியாக இருக்கும். கோட்டில் கூடுதல் விட்டால், அந்த இரண்டு விரலுக்குக் கீழே அவர் தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

இரண்டு நாளில் செவ்வாய்க்கிழமை. நல்ல மார்க் வாங்கியவர்களை டாக்டர் நின்றபடியே பார்த்து, "அருமை, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார். இன்னும் மூன்று மாதம். கால்சட்டையில் பிரிக்க இனித் துணி இல்லை என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பாட்டரிப் பையின் அடியில் சாம்பல்நிறக் கால்சட்டையை மடித்து வைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே அவள் எதையும் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது ஏழாம் வகுப்புப் பாடம் மாதிரி பாதியில் நின்றது.

அறையில் கேள்வியம்மா கேட்டாள், டெய்லர் பதில் சொன்னார். மூச்சு வாங்குவதில்லை. தூக்கம் உண்டு. பசி உண்டு. கோட்டுக்கு வந்தார். பென்சில் கோட்டில் முன்பைவிடக் கீழே போய் வெகுநேரம் நின்றது. விரல்களை வைத்தார். மூன்று விரல்கள். அதற்கு மேல் கிழித்தார். எழுபத்தைந்து.

"சூப்பர் ஐயா" என்றாள் கேள்வியம்மா. வழக்கம்போல மூலையைப் பார்த்தாள். "நீங்க ஏதாவது சொல்லணுமா அக்கா?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காஜா அக்கா எழுந்தாள். பையைத் திறந்து கால்சட்டையை எடுத்து, தாளின் மேலேயே விரித்து, இடுப்புப் பட்டையை உள்பக்கமாகத் திருப்பினாள். ஊசித் துளைகளின் மேல் விரலை வைத்தாள். முதல் வரிசை. இரண்டாவது வரிசை. இப்போதைய தையல்.

"என்ன அக்கா இது?"

"ஏய், என்ன பண்ற நீ?" என்றார் டெய்லர்.

"இது போன தடவை வந்தப்போ இருந்த அளவு" என்றாள் காஜா அக்கா. குரல் வந்துவிட்டது, அவளுக்கே ஆச்சரியம். "இது போன மாசம். இது இப்போ. ஆனா கழுத்து சின்னதாயிடுச்சு, கை பாருங்க, மூங்கில் மாதிரி இருக்கு. சாப்பாடு ரெண்டு வாய்க்கு மேல இறங்கறதில்ல. அப்புறம், இவர் அந்தக் கோட்டுல எங்க பென்சிலை நிறுத்தறாரோ அதான் சிஸ்டர் நிஜம். மேல கிழிக்கறது கூடுதல். துணிக்கு விடற மாதிரி விடறாரு. எப்பவும் ரெண்டு விரல், இன்னைக்கு மூணு."

அவ்வளவு நீளமாக அவள் வெளியாட்களிடம் அதுவரை பேசியதில்லை. பேசி முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

கேள்வியம்மா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டாள். கால்சட்டையைத் தள்ளவில்லை. தன்னுடைய மூன்று விரல்களைக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்து, கீழே ஒரு புள்ளி வைத்தாள். நாற்பத்தைந்து. பிறகு டெய்லரின் காலுறையை இறக்கி, கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

"எடை மாறலைன்னு நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம்" என்றாள் மெதுவாக. "சதை போன எடத்துல தண்ணி வந்து உக்காந்திருக்கு. பம்ப் இதயத்தோட இடப்பக்கத்துக்குத்தான் ஐயா உதவி பண்ணும். வலப்பக்கம் களைச்சுப் போயிருக்கு." அவள் டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டெய்லர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "காட்டிக் குடுத்துட்டல்ல?" என்றார்.

"ஆமா" என்றாள் அவள்.

பதினான்கு நாள் படுக்கவைத்தார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றி, பம்பின் வேகத்தை மாற்றி, ஒன்பது கிலோ தண்ணீரை வெளியே எடுத்தார்கள். இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால் எடுப்பதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். டெய்லர் முதல் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் நர்ஸிடம் கேட்டார். நான்காவது நாள் காலை, கட்டிலருகே அவள் டீச்சருடைய கையில்லாச் சட்டைக்குக் காஜா கட்டிக்கொண்டிருந்தபோது, "நூலை இவ்வளவு இழுக்காத, துணி சுருங்கும்" என்றார்.

"எனக்குச் சொல்லித் தர வந்துட்டாரு" என்றாள் அவள்.

"வீட்டுக்குப் போறப்ப எந்தப் பேன்ட்டைப் போட்டுக்கிட்டுப் போறது? எல்லாத்தையும் பிரிச்சு வெச்சிருக்கேனே."

"பழைய துளை வழியாவே தெச்சுக் கொண்டாந்திருக்கேன்."

அவர் சிரித்தார்.

அதற்கடுத்த செவ்வாயன்று கேள்வியம்மா தாளை நீட்டியபோது, "கூடுதல் இல்லாம ஐயா, ஒட்டின அளவு" என்றாள். டெய்லர் இடது கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பென்சில் நின்ற இடத்திலேயே கிழித்தார். ஐம்பத்தைந்து. அதைப் பார்த்தபோது காஜா அக்காவுக்கு எண்பத்தைந்தைப் பார்த்ததைவிட நிம்மதியாக இருந்தது.

கேள்வியம்மா கோடு போட்ட இன்னொரு தாளை எடுத்து மூலைக்கு வந்தாள். "இது உங்களுக்கு அக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கா? எனக்கென்ன சிஸ்டர் நோய்?"

"நோய் கேக்கலை. எப்படி இருக்கீங்கன்னு கேக்கறேன்."

அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பென்சிலை வாங்கிக்கொண்டு கோட்டைப் பார்த்தபடி இருந்தாள். சலவைக்கூடத்தின் வாசனை ஜன்னல் வழியே வந்தது. பென்சில் ஓரிடத்தில் நின்றது. அவளையறியாமல் இடது கையின் இரண்டு விரல்கள் தாளை நோக்கிப் போயின.

"கையை எடு" என்றார் டெய்லர். "எனக்கு மட்டும்தான் சட்டமா?"

அவள் நாற்பதில் கிழித்தாள். டெய்லர் அந்தக் கோட்டை நிறைய நேரம் பார்த்தார். மறுநாள் காலை அவர் எழுந்து அவளுக்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்தார். பாட்டரி சார்ஜ் போடுவதையும் தானே எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. கேள்வியம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். அந்த நடைவழியை இடித்து மூன்று அறைகளாக்கிவிட்டார்கள். மஞ்சள் பட்டையும் நீல நாற்காலிகளும் இல்லை. லாரிக்காரரும் டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டீச்சரின் பின்னல் முடிந்ததா என்று தெரியவில்லை. இப்போது தாளும் பென்சிலும் கிடையாது. கண்ணாடித் திரையில் ஒரு கோடு வரும், விரலால் தொட வேண்டும். நீளம் சரியாக இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்க்க டெய்லருக்கு இன்னும் கை பரபரக்கும். அந்தப் பழைய தாள்களில் ஒன்று, கேள்வியம்மா போகும்போது கொடுத்தது, கடையில் நூல்பெட்டிக்குள் இருக்கிறது. எழுபத்தைந்தில் ஒரு கோடு, நாற்பத்தைந்தில் ஒரு புள்ளி.

டெய்லருக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. காலையில் இரண்டு மணி நேரம் கட்டிங் செய்கிறார், பிறகு படுத்துக்கொள்கிறார். மெஷினைக் காஜா அக்காதான் ஓட்டுகிறாள். புதிதாகப் பம்ப் வைத்தவர்களுக்கான கையில்லாச் சட்டைகள் மாதத்துக்கு மூன்று நான்கு வருகின்றன. போன செவ்வாய்க்கிழமை அவர் ஐம்பதைத் தொட்டார், அவள் அறுபதைத் தொட்டாள். அடுத்த செவ்வாய்க்கு இன்னும் பதினொரு வாரம் இருக்கிறது.